மரத்தின் மேல் வரிசையில் நிற்கவா டிக்கெட் வாங்கினோம்?

மரத்துக்கு மரம் கயிறும் பலகையும் கட்டி, அதன்மேல் நடக்கவிடும் சாகசப் பூங்காவுக்குப் போயிருந்தோம். டிக்கெட்டில் மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். அதில் கயிற்றிலும் பலகையிலும் நாங்கள் கழித்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. மீதி நேரத்தில் பெரும்பகுதி நின்றோம். அதுவும் தரையில் இல்லை, 8 மீட்டர் உயரத்தில், மரத்தைச் சுற்றி அடித்த சின்ன மேடையில், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

முதல் அரை மணி ஹெல்மெட், ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டுவதற்கும் தரையில் கொக்கி போட்டுப் பழகுவதற்கும் போனது. அந்தப் பயிற்சியை நான் குறை சொல்லவே மாட்டேன், அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதையும் எங்கள் மூன்று மணியிலிருந்து ஏன் கழிக்கிறார்கள்? சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேலே நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு மேடையில் 3 பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று மரத்திலேயே எழுதி மாட்டியிருக்கிறார்கள். எங்கள் மேடையில் 6 பேர்! கீழே இருப்பவர்கள் கூட்டம் கூட்டமாக ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தால், பின்னால் வருகிறவர் எங்கே போவார்? ஆடுகிற பாலத்தின் நடுவில் எவ்வளவு நேரம்தான் நிற்பார்?

கீழே விழாமல் இருக்க, ஹார்னஸோடு இணைத்த கொக்கியைப் பாதைநெடுகக் கட்டியிருக்கும் பாதுகாப்பு வடத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே இருந்தது ஆளுக்கு இரண்டு கொக்கி கொடுக்கும் பழைய முறை. ஒன்றை அடுத்த வடத்தில் மாட்டிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். ஒன்று பூட்டினால்தான் இன்னொன்று திறக்கும் கொக்கிகள் வந்துவிட்டன. தொடக்கத்திலிருந்து முடிவு வரை கழற்றவே தேவையில்லாத தொடர் வடமும் இருக்கிறது. இரண்டும் இல்லாத இடத்தில் உயிர் முழுக்க நம் நிதானத்தை நம்பித்தான் இருக்கிறது. நெரிசலில் முதலில் போவதும் அந்த நிதானம்தான். ஆறு பேரின் கொக்கிகளும் ஒரே வடத்தில் பின்னிக் கிடக்க, எங்களைத் தாண்டி முன்னால் போவதற்காக ஒருவர் இரண்டு கொக்கிகளையும் சேர்த்துக் கழற்றினார். நான் கத்திய பிறகுதான் திரும்ப மாட்டினார். "ஒரு செகண்ட்தானே" என்றார். 8 மீட்டர் விழுவதற்கு ஒன்றேகால் செகண்ட் போதும், ஐயா!

அப்புறம் ஜிப்லைன், அதாவது வடத்தில் தொங்கியபடி ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்குச் சறுக்கிப் போவது. என் அக்கா மகளுக்குப் பத்து வயது. முதல் தடவை குதிக்கும் குழந்தை ஒரு நிமிடம் தயங்காதா? பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம் போ, சீக்கிரம் போ" என்று விரட்டினார்கள். பயந்துபோய்க் குதித்துவிட்டாள். வடம் நடுவில் தாழ்ந்து கடைசியில் கொஞ்சம் மேலேறும், அதனால் எடை குறைந்தவர்கள் மேடையைத் தொடாமலே பின்னால் சறுக்கிவிடுவார்கள். உடனே திரும்பி, கைமாற்றிக் கைமாற்றி வடத்தை இழுத்துக்கொண்டு வர வேண்டும். அவள் கைகளில் அதற்குத் தெம்பில்லை. மூன்று பாதைகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பணியாளர். அவர் வந்து இழுப்பதற்குப் பத்து நிமிடம் ஆனது. "சித்தி, கால் மரத்துப்போச்சு" என்று அழுதாள். ஹார்னஸின் பட்டை தொடையை அழுத்த, காலை அசைக்காமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கும், மயக்கமே வரலாம். குழந்தையை அப்படித் தொங்கவிட்டு வைக்கலாமா?

கீழே வந்து கேட்டேன். "விடுமுறை நாளில் இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். விடுமுறை எப்போது என்று அவர்களுக்கு முன்பே தெரியாதா? மேடை எத்தனை என்று தெரியும், மேடைக்கு எத்தனை பேர் என்று எழுதி மாட்டியதும் அவர்கள்தான். அந்தக் கணக்குக்கு மேல் ஒரு டிக்கெட்டும் விற்காதீர்கள். மூன்று பாதைக்கு மூன்று பேரை நிறுத்துங்கள். ஏறி முடிக்கவே முடியாத பாதைக்கு எதற்குக் காசு வாங்குகிறீர்கள்?

கடைசியில் இருந்த நீளமான ஜிப்லைனுக்காகத்தான் அவள் ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். அதற்கு இன்னும் இரண்டே மேடை இருக்கும்போது, நேரம் முடிந்துவிட்டது என்று ஏணி போட்டு இறக்கிவிட்டார்கள்.