434: டோனி க்வின் பற்றிப் பேசினால் இந்த எண்ணில்தான் தொடங்க வேண்டும்

அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி க்வின் என்றதும் எல்லோரும் 3,141 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது), லீக்கிலேயே உயர்ந்த சராசரிக்கான 8 பேட்டிங் பட்டம், 0.338 சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 338 ஹிட்) என்று அடுக்குவார்கள். எல்லாம் சரிதான். என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய எண் 434. சான் டியாகோ பாட்ரெஸ் என்ற ஒரே அணிக்காக 1982 முதல் 2001 வரை 20 சீசன் ஆடி, பத்தாயிரம் முறைக்கு மேல் மட்டை பிடித்தவர் ஸ்டிரைக் அவுட் ஆனது, அதாவது மூன்று ஸ்டிரைக் விழுந்து வெளியேறியது, மொத்தமே 434 தடவை. இன்றைய பேட்டர்கள் பலர் மூன்றே சீசனில் இதைத் தாண்டிவிடுகிறார்கள். 1995 சீசன் முழுவதிலும் அவர் ஸ்டிரைக் அவுட் ஆனது 15 முறைதான்!

இதைப் பிறவிக் கண்பார்வை என்று சொல்லிக் கடந்து போவது அவர் உழைப்புக்குச் செய்யும் அநியாயம். இடதுகை பேட்டரான அவர் பிடித்த மட்டை சிறியது: 33 அங்குலத்தைத் தாண்டாது, எடை ஏறத்தாழ 31 அவுன்ஸ். மட்டை சிறிதென்றால் சுழற்ற நேரம் குறைவாகப் போதும். அந்த அளவுக்குப் பந்தைக் கூடுதலாகப் பார்க்கலாம். கிரிக்கெட்டில் ‘லேட்டா ஆடு’ என்பார்களே, அதே சூத்திரம்தான். வெளிப்பக்கம் வரும் பந்தை ஹோம் பிளேட் (பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் தட்டு) மேலே வரும்வரை விடுவார். கைகள் முன்னே போகும், மட்டையின் தடித்த பகுதி பின்தங்கி வரும், பந்து இடப்பக்கம் பறக்கும். அதே பந்தை அவசரப்பட்டு வலப்பக்கம் இழுத்தால் மணிக்கட்டு புரண்டு, பந்து தரையோடு உருண்டு, வலப்பக்கம் நிற்கும் ஃபீல்டரான இரண்டாம் பேஸ்காரர் கைக்குப் போய்ச் சேரும். இடதுகை பேட்டர்கள் தினமும் செய்கிற தவறு இது.

அவர் குறிவைத்த இடத்துக்கு ‘5.5 ஹோல்’ என்று பெயர். ஸ்கோர் அட்டையில் மூன்றாம் பேஸ்காரர் எண் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எண் 6. நடுவிலுள்ள சந்து 5.5. அதை அடைக்க ஷார்ட்ஸ்டாப் நகர்ந்தால் மைதானத்தின் நடு திறந்துகொள்ளும். க்வின் அங்கே அடிப்பார்.

இதற்கும் ஒரு ஓட்டை இருந்தது. உடம்பை ஒட்டி உள்ளே வரும் பந்துக்குக் காத்திருந்தால் அது மட்டையின் கைப்பிடியில் படும். அதைப் பிளேட்டுக்கு முன்னாலேயே சந்திக்க வேண்டும். பிட்சர்கள் அங்கேயே வீசினார்கள். 1992-இல் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் சான் டியாகோவில் நடந்தபோது, பழைய பேட்டிங் ஜாம்பவான் டெட் வில்லியம்ஸ் அவரிடம் வற்புறுத்தியது இதைத்தான்: உள்ளே வருவதை இழுத்து அடி. 32 வயதில், ஏற்கெனவே 4 பட்டம் வாங்கியவர், மாற்றிக்கொண்டார். 1993 முதல் 1997 வரை ஐந்து சீசனும் 0.350-க்கு மேல், அதில் தொடர்ந்து 4 பட்டம். 1997-இல், 37 வயதில், 17 ஹோம் ரன் (வேலி தாண்டிய அடி), 119 ரன் பேட்டட் இன் (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்). அவருக்குப் பவர் இல்லை என்பவர்கள் இந்த சீசனை ஒருமுறை பார்க்கட்டும்.

1994-தான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தத்தால் சீசன் நின்றபோது அவர் 419 வாய்ப்பில் 165 ஹிட், அதாவது 0.394. இன்னும் மூன்றே ஹிட் இருந்தால் 0.400. 1941-இல் வில்லியம்ஸ் தொட்ட பிறகு அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் யாரும் தொடாத எல்லை அது.

வீடியோவை முதலில் முழுசாகப் பயன்படுத்தியவர்களில் அவர் ஒருவர். 1983-இலேயே மனைவி டிவியில் பதிவு செய்து வைத்த ஆட்டங்களைப் போட்டுப் பார்த்துத் தன் ஸ்விங்கைத் திருத்தத் தொடங்கினார். அவர் ஃபீல்டிங் செய்த ரைட் ஃபீல்டில் (மைதானத்தின் வலக் கோடி) எறிகை முதலில் சுமார்தான். உழைத்து, சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருதை 5 முறை வாங்கினார்.

விசுவாசம் என்று சும்மா புகழ்வது எனக்குப் பிடிக்காது, அதன் விலையையும் சொல்ல வேண்டும். 1993-இல் நிர்வாகம் செலவைக் குறைக்க ஷெஃபீல்டு, மெக்ரிஃப் போன்ற நட்சத்திர பேட்டர்களை வேறு அணிகளுக்குத் தள்ளிவிட, அணி 101 ஆட்டம் தோற்றது. அந்த அணியிலும் அவர் 0.358 அடித்தார். வேறு ஊரில் கூடுதல் சம்பளம் கிடைத்திருக்கும், போகவில்லை. சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரை எட்டியது 1984, 1998 இரண்டே முறை, இரண்டிலும் தோல்வி.

1998 தொடரின் முதல் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் எதிரணி பிட்சர் டேவிட் வெல்ஸ் பந்தில் க்வின் அடித்த ஹோம் ரன் வீடியோவைத் தேடிப் பாருங்கள். பந்து எங்கே போனது என்பதை விடுங்கள். மெதுவாக ஓடவிட்டு, மட்டை பந்தைச் சந்திக்கும் இடத்தையும் அப்போது அவர் கைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள். அதே 1998-இல் இடப்பக்கம் அடித்த ஏதாவது ஒரு சிங்கிளை (முதல் பேஸ் வரை கொண்டுபோகும் ஹிட்) அடுத்துப் போட்டு ஒப்பிட்டால், வில்லியம்ஸ் சொன்னது முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.