திரையை வாசகர் பக்கமும் திருப்புங்கள்

நூலகத்தில் சந்தேகம் கேட்டு வருகிறவருக்கு, நாம் பதில் தேடும் நேரம் முழுக்கக் கம்ப்யூட்டரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. நாம் என்ன அடிக்கிறோம், என்னவெல்லாம் வந்தது, எதைத் தேவையில்லை என்று தள்ளினோம், ஒன்றும் அவருக்குத் தெரியாது. கடைசியில் நாம் "இல்லை" என்றால் நம்பிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நூலக வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ரெஃபரன்ஸ் மேசையில் வாசகரைப் பார்த்தபடி இன்னொரு திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

நம் குமரி மாவட்டத்தில் இதற்குத் தேவை இன்னும் கூடுதல். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முந்தைய அறிக்கைகளும் நில விவரங்களும் திருவிதாங்கூர் கணக்கில்தான் கிடக்கின்றன. தேடுகிற இடத்தில் 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று அடித்தால் எங்கிருந்து வரும்? இரணியல் என்ற ஊரை ஆங்கிலத்தில் ஐ போட்டுத் தேடினால் ஒன்று வரும், ஈ போட்டுத் தேடினால் வேறொன்று வரும். பாதிப் பக்கங்கள் மலையாளம், எனக்கு அந்த எழுத்து ஓடாது. விளவங்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சின்ன வயதில் மலையாளம் படித்தவர். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்ததும், "மக்களே, அது இல்ல, அதுக்குக் கீழ கிடக்கதாக்கும்" என்று விரலை வைத்துக் காட்டினார். அந்த வரியை நான் தனியாக உட்கார்ந்து எவ்வளவு தேடியிருந்தாலும் பிடித்திருக்க மாட்டேன், ஏனென்றால் அவருடைய குடும்பப் பெயரையும் அந்தக் காலத்துப் பகுதிப் பெயரையும் அறிந்தவர் அவர்தான்.

"காட்டிக்கொண்டிருந்தால் நேரம் போகும், நாமே எடுத்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு கேள்விக்கு அது சரி. ஆனால் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் தினமும் வருகிறவர்கள். தமிழ் இணைய மின்னூலகத்தில் எப்படித் தேடுவது, எந்த ஆண்டு என்று எங்கே குறுக்குவது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த முறை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று நூலகவியல் அறிஞரான நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931லேயே விதியாக எழுதிவைத்தார். அதில் நாளைய நேரமும் சேரும் அல்லவா?

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். நம் திரையை அப்படியே இரண்டிலும் காட்டக் கூடாது. உறுப்பினர் பதிவில் அடுத்தவரின் முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கும், நடுவில் வாட்ஸ்அப் செய்தி வேறு வந்து குதிக்கும். விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தினால் திரையை நீட்டிக்கிற வசதி வரும். அதைத் தேர்ந்தெடுத்து, தேடல் பக்கத்தை மட்டும் வாசகர் பக்கத் திரைக்கு இழுத்து விடலாம், மற்றதெல்லாம் நம்மிடமே இருக்கும். நோயைப் பற்றியோ கோர்ட் விவகாரம் பற்றியோ கேட்டு வருகிறவர்கள் உண்டு, அதனால் அந்தத் திரை வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படக் கூடாது. ஒருவர் எழுந்து போனதும் பக்கத்தை மூடிவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். பாஸ்வேர்ட், ஓடிபி வருகிற இடத்தில் கீபோர்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

செலவு பெரிதில்லை. பல கல்லூரிகளில் பழைய மானிட்டர்கள் ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடக்கின்றன, ஒரு கேபிளும் கூடுதலாக ஒரு மௌஸும் போதும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மௌஸ் வேலை செய்யும். வயதானவர்களுக்குக் கண்ட்ரோலோடு பிளஸ்ஸை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்.

வாசகர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம், 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தில் வந்த வரி அது. "அண்ணாச்சி, திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, நானும் பாக்கேன்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.