வான் பாயும் படம் போதும், கட்டின் பின்பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கள்

மார்கழி வந்தால் என் டைம்லைன் முழுக்க வான் பாயும் குளங்கள்தான். கதவால் தண்ணீர் பொங்கி விழும், அதற்கு முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று செல்ஃபி. கச்சான் விற்பவருக்கும் நல்ல வியாபாரம். குறை சொல்லவில்லை, குளம் நிறைந்தால் எனக்கும் வயிறு குளிரும். ஆனால் மண்கட்டுக் குளம் வான் பாய்கிறது என்றால், மேலதிகத் தண்ணீர் போகவேண்டிய வழியால் போகிறது, அவ்வளவுதான். பயப்படவேண்டிய இடம் கட்டின் பின்பக்க அடிவாரம். அங்கே யாரும் படம் எடுக்கப் போவதில்லை. பற்றைக்குள் பாம்பு கிடக்கும்.

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் உடைத்தது 1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, விடியப்புறம் 3 மணியளவில். சித்திரை வருசம் பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. 120க்கு மேற்பட்ட உயிர்கள், 1,600க்கு மேற்பட்ட வீடுகள், 2,000 ஏக்கர் வயல் போயின. மாதத்தைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் வெள்ளம் வருவது கார்த்திகை, மார்கழியில். அது கழிந்து மாதக்கணக்கான பிறகு, சனம் நித்திரையில் கிடக்கும்போதுதான் கட்டு போனது. மழைக்காலத்தில் மட்டும் குளத்தை நினைத்துப் பயப்படுகிற எங்கள் பழக்கம் எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கட்டின் மேலால் கனரக வாகனங்கள் ஓடியதுதான் காரணம் என்று ஒரு கருத்து உண்டு. இருக்கலாம். ஆனால் 14,000 அடி நீளம், 50 அடிக்கு மேல் உயரம் உள்ள ஒரு மண்கட்டைப் பொதுவாக ஒரு லொறி மட்டும் உடைத்துவிடாது. உள்ளுக்குள் ஏற்கெனவே ஏதாவது பலவீனம் இருந்தால்தான் மேலே ஏறும் பாரம் வினையாகும்.

கசிவே இல்லாத மண்கட்டு உலகத்தில் இல்லை. கசிகிற தண்ணீர் தெளிவாக, எப்போதும் ஒரே அளவில் வந்தால் கவலையில்லை. கலங்கி வந்தால் அது கட்டின் மண்ணையே அரித்துக் கொண்டுவருகிறது என்று அர்த்தம். அந்த அரிப்பு பின்பக்கத்தில் ஒரு சிறு ஊற்றாகத் தொடங்கி, கட்டுக்குள்ளேயே குளத்தை நோக்கித் துளைபோட்டுப் போகும். துளை குளத்தைத் தொட்ட பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. துருசு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு, இருக்கும் பக்கம் இன்னும் மோசம். கல்லோ கொங்கிறீற்றோ மண்ணுக்குள்ளால் போகும் இடத்தில் இரண்டும் சரியாக ஒட்டாது. தண்ணீர் அந்த இடுக்கைத்தான் தேடும். பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. அந்தக் காலத்துப் பெரிய குளங்களில் துருசுக்குள் போகும் தண்ணீரின் வேகத்தை அடக்கவென்றே பிசோகொட்டுவ என்று கல்லால் ஒரு கிணறு கட்டி வைத்தார்கள்.

பிறகு மரம். கட்டில் நிற்கும் மரம் நிழல் தருகிறது என்று விட்டுவிடுகிறோம். அது பட்டுப்போய் வேர் உக்கினால், அந்த வேர் ஓடிய வழியெல்லாம் தண்ணீருக்குக் குழாய். முள்ளம்பன்றி வளை, கறையான் புற்று, மாடு ஏறி இறங்கித் தேய்ந்த தடம், டிப்பர் ஓடி ஓடிக் கட்டின் தலை பதிந்த பள்ளம், எல்லாம் இதே கணக்கில்தான் வரும். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்தபோது, நண்டு துளைத்ததுதான் காரணம் என்று அந்த மாநில அமைச்சர் ஒருவர் சொன்னார். சனம் சிரித்தது. அணை ஒழுகுகிறது என்று ஊர்மக்கள் முன்னமே முறையிட்டிருந்தார்கள். நண்டே துளைத்தது என்று வைத்துக்கொண்டாலும், அது துளைக்கும்வரைக்கும் பார்க்கப் போகாதவர் யார் என்ற கேள்வி நிற்கிறதல்லவா?

கந்தளாய்க் குளத்தைக் கட்டியது யார் என்று மட்டும் நாங்கள் விடிய விடியச் சண்டை பிடிப்போம். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் என்பார் ஒருவர். குளக்கோட்டன் என்ற தமிழ் மன்னன் கோணேசர் கோயில் வயல்களுக்காகக் கட்டிப் பூதங்களைக் காவல் வைத்தான் என்பார் மற்றவர். கமெண்ட் முந்நூறு தாண்டும். இப்போது அந்தப் பூதத்தின் வேலையைச் செய்வது யார் என்று கேட்டால் ஒரு லைக் கூட விழாது.

பெரிய திட்டம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். உலக வங்கிக் கடனில் 2008இல் தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டத்தில் நாட்டின் பல அணைகள் திருத்தப்பட்டன. நல்லது. ஆனால் கடனில் புதுக் கதவு போடலாம், ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். பற்றை வெட்டும் கூலிக்கு எவரும் கல்வெட்டு வைப்பதில்லை. அதனால்தான் பராமரிப்புக் காசு எப்போதும் கடைசி வரியில் நிற்கிறது. மண்கட்டுக்கோ அந்தக் கடைசி வரிதான் உயிர். கட்டை அடிக்கடி நடந்து பார்க்க ஒரு ஆள், அவர் கையில் ஒரு கொப்பி, கசிவு எங்கே, எவ்வளவு, தெளிவா கலங்கலா என்று எழுத ஒரு பழக்கம். இவ்வளவுதான் செலவு. இந்தியாவில் 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. சட்டம் எழுதியதும் எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிற ஆள் நானில்லை. ஆனாலும் எழுதி வைத்தால்தான் ஏன் செய்யவில்லை என்று கேட்க முடியும்.

பயிர்ச்செய்கை தொடங்கமுன் கமக்காரர் கூடும் போக ஆரம்பக் கூட்டம் வருகிறது. அதில் வழமைபோல உரத்தையும் தண்ணீர் திறக்கும் திகதியையும் பேசுவோம். இந்த முறை அதோடு மூன்று கேள்வியும் கேளுங்கள். கட்டின் அடிவாரத்தைக் கடைசியாக நடந்து பார்த்தது யார், எப்போது? அவர் எழுதி வைத்ததைக் கமக்காரர் நாங்கள் பார்க்கலாமா? இரவு 3 மணிக்குக் கட்டு ஒழுகினால் கீழ் ஊர்களை எழுப்ப வேண்டிய பொறுப்பு யாருடையது, அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன? பதில் கிடைத்தால் உங்கள் குளத்தின் பெயரோடு கீழே எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள்.