மாக்சிமிலியனை மெக்சிகோ மக்களா அழைத்தார்கள்?

'மெக்சிகோ மக்களே வாக்களித்து அழைத்த பேரரசர் மாக்சிமிலியன்; அவரையே சுட்டுக் கொன்றார்கள்' என்றொரு பதிவு சுற்றுகிறது. சுட்டது உண்மை: 1867 ஜூன் 19, மெக்சிகோவின் கெரேத்தரோ நகரம். அழைத்த கதைதான் பொய்.

1861-இல் அதிபர் ஹுவாரெஸ் வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்தினார். அதைச் சாக்காக்கி பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் படை அனுப்பினார். 1863-இல் தலைநகர் பிரெஞ்சு வசமானது; அவர்கள் நிழலில் கூடிய பிரமுகர் சபைதான் இந்த ஆஸ்திரிய இளவரசருக்கு மகுடம் நீட்டியது. மக்கள் சம்மதம் வேண்டும் என்று அவர் கேட்டது என்னவோ வாஸ்தவம். சரி, ஆதரவு எங்கே திரட்டினார்கள்? பிரெஞ்சுப் படை பிடித்திருந்த பகுதிகளில்! துப்பாக்கி முனையில் வேறென்ன பதில் வரும்?

ஹுவாரெஸ் அரசோ வடக்கே நகர்ந்து, கடைசிவரை இயங்கியது. 1867 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை முழுதாகக் கிளம்பியது. சில மாதங்களில் பேரரசும் சரிந்தது.