போடாக்ஸ் ஊசியில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கல்யாண சீசன் தொடங்கிவிட்டால், முகக் கோடுகளை மறைக்கப் போடும் போடாக்ஸ் ஊசியைப் பற்றி இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். "போடாக்ஸ் போட்டா முகம் கோணிக்குமாமே?" என்பது ஒன்று. "தெரிஞ்ச பார்லர்ல பாதி விலைக்குப் போடறாங்களாம், போகலாமா?" என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டையும் கேட்பவர் ஒருவரேதான். முதல் கேள்வியில் இருக்கிற பயத்தில் பாதியாவது இரண்டாவதில் இருந்திருக்கலாம்.

பாம்பு விஷத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் புரதம் இது. சரியாகப் பதப்படுத்தாத உணவில் வளர்ந்து ஆளையே முடக்கிவிடும் பாட்டுலிசம் நோய்க்கும் இதே புரதம்தான் காரணம். ஆகவே விஷமா என்றால் விஷம்தான். ஆனால் எவ்வளவு போடுகிறார்கள் என்று பாருங்கள். இரு புருவங்களுக்கு நடுவில் விழும் கோட்டுக்கு வழக்கமான அளவு 20 யூனிட் (மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு). நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு இதே மருந்தைத் தலையிலும் கழுத்திலுமாக 31 இடங்களில், மொத்தம் 155 யூனிட் போடுகிறார்கள். அக்குள் வியர்வைக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் 50 யூனிட். மூளை வாதம் உள்ள குழந்தைகளின் இறுகிப்போன கால் தசையைத் தளர்த்தவும் இதுதான். 1989-இல் அமெரிக்காவில் இதற்கு முதல் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும், இமை தானாக இறுக மூடிக்கொள்ளும் கோளாறுக்கும். கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருத்தர்ஸ், அப்படி இமைக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவக் கோடு மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டருடன் சேர்ந்து 1992-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அழகுக்கான அமெரிக்க அனுமதி வந்தது 2002-இல்தான்.

"தோலை இழுத்து டைட் பண்ணும்" என்பது அடுத்த தப்பு. இந்த மருந்து தோலை ஒன்றும் செய்வதில்லை. நரம்பு முனையிலிருந்து, தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசெட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளிவருவதைத் தடுக்கிறது. தசைக்குக் கட்டளை போய்ச் சேராததால் அது சுருங்குவதில்லை, அவ்வளவுதான். கண்ணாடி முன் நின்று புருவத்தை நெரித்துப் பாருங்கள். நெரிக்கும்போது மட்டும் விழும் கோடு நன்றாகவே மறையும். முகம் சும்மா இருக்கும்போதும் பள்ளமாகத் தெரிகிற கோடு குறையுமே தவிர முழுதாகப் போகாது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்புக்கும் ஒட்டிய கன்னத்துக்கும் போடுவது ஃபில்லர். அது ஹைலுரானிக் அமிலம் போன்ற நிரப்பும் பொருள், முற்றிலும் வேறு சங்கதி. அந்த வகை ஃபில்லர் பிடிக்கவில்லையென்றால் கரைக்க ஊசி உண்டு. போடாக்ஸைத் திருப்பி எடுக்க எதுவும் கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சுருங்குமா? சுருங்காது. மூன்று நான்கு மாதத்தில் நரம்பு முனை மறுபடி வேலைக்குத் திரும்பும், கோடும் பழைய நிலைக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் வழவழப்பாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மோசமாகத் தெரியும்.

முகம் கோணுவதற்கு வருவோம். நடப்பதுண்டு, ஆனால் குற்றவாளி பெரும்பாலும் ஊசி குத்திய இடமும் அளவும்தான். புருவ நடுவில் வழக்கமாக ஐந்து புள்ளிகள், ஒவ்வொன்றிலும் 4 யூனிட். இமைக்கு மேலே புருவ எலும்பின் விளிம்பு இருக்கிறதே, பக்கவாட்டுப் புள்ளிகள் அதற்குக் குறைந்தது 1 செ.மீ. மேலே இருக்க வேண்டும். கீழே இறங்கினால் மருந்து இமையைத் தூக்கும் தசைக்குக் கசிந்து, இமை தொங்கிப்போகும். சில வாரங்களில் தானே சரியாகும். அதுவரை அப்ராகுளோனிடின் சொட்டு மருந்து இமையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் காட்டும். நெற்றி இன்னும் சிக்கல். புருவத்தைத் தூக்க நமக்கு இருப்பது நெற்றித் தசை ஒன்றுதான். இமை ஏற்கெனவே தளர்ந்து, நெற்றியைத் தூக்கியே கண் திறந்துகொண்டிருக்கும் வயதானவருக்கு அங்கே தாராளமாகக் குத்தினால் கோடு போகும், கூடவே புருவமும் இறங்கிக் கண்மேல் உட்கார்ந்துவிடும். நடுவில் மட்டும் போட்டு ஓரத்தை விட்டால் புருவத்தின் வால் வில்லன் மாதிரி மேலே ஏறும். அதைச் சரிசெய்ய ஓரத்தில் ஒன்றிரண்டு யூனிட் போதும். ஊசி போட்ட அன்று அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், ஃபேஷியலும் வேண்டாம்.

"தண்ணி கலந்து ஏமாத்தறாங்க" என்ற புகாரில் பாதி நியாயம். போடாக்ஸ் குப்பிக்குள் இருப்பது காய்ந்த பொடி. சலைன் என்கிற உப்புநீர் கலக்காமல் போடவே முடியாது. 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. கலந்தால் 0.1 மி.லி.யில் 4 யூனிட் இருக்கும். அதனால் எத்தனை சிரிஞ்ச், எத்தனை மி.லி. என்று கேட்டுப் பயனில்லை. எத்தனை யூனிட், எந்த பிராண்ட் என்று கேளுங்கள். பிராண்டுக்கு பிராண்ட் யூனிட் மாறும்: போடாக்ஸில் 20 யூனிட் போடும் அதே புருவ நடுவுக்கு டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டில் 50. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கலந்த பிறகு 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. 20 யூனிட் கணக்கில் முழுக் குப்பி ஐந்து பேருக்கு வரும். மிச்சம் அடுத்த வாரத்துக்கு ஓடும்போதுதான் அந்தப் பாதி விலை பிறக்கிறது.

போலிக் குப்பி அதைவிட மோசம். 2004-இல் ஃபுளோரிடாவில், மனிதருக்குப் போடக்கூடாத ஆய்வகச் சரக்கைக் குத்தி நான்கு பேர் முடங்கினார்கள். 2024-இல் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பேருக்குப் பாதிப்பு. போலிச் சரக்கும், உரிமமில்லாதவர்கள் போட்டதும், வீட்டில் வைத்துப் போட்டதும் அதில் சேர்த்தி. குப்பியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லி, பேட்ச் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர்கள் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். போட்ட பின் பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ, போட்ட இடத்துக்குப் போன் செய்து கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

(பார்லர் பலகையில் இருக்கும் "ஹேர் போடாக்ஸ்"? பெயர் மட்டும்தான். முடிக்குத் தடவும் கண்டிஷனிங் கலவை. முடியில் ஏது தசை?)

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் தள்ளிப்போட வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு தசை நோய் உள்ளவர்கள், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஊசி குத்திய இடம் கன்றி நீலம் பாரிக்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கல்யாணப் பெண்களுக்கு: முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் போய் நிற்காதீர்கள். வேலை செய்ய ஆரம்பிக்கவே மூன்று முதல் ஐந்து நாள், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அதன் பிறகுதான் திருத்த முடியும், திருத்தியது பிடிக்க இன்னும் இரண்டு வாரம். முதல் தடவை என்றால் இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.