எத்தனை பவுன் என்று கேட்கும் முன்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வது என் தொழில். விடியற்காலை மூன்றரை மணிக்கு மணமகள் அறையில் நகைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிடுபவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: எந்தப் பெண் போட்டுக்கொள்ளப் போகிறாளோ, அவள் கழுத்திலும் காதிலும் வைத்துப் பார்க்காமல் கல்யாண நகை எடுக்காதீர்கள்.

நம் மலையில் அது சரியாக நடப்பதில்லை. அம்மா, பெரியம்மா, மாமா என்று ஒரு வண்டி நிறைய ஆட்கள் கீழே இறங்கி, கோயம்புத்தூர் ராஜ வீதியிலோ கிராஸ்கட் ரோட்டிலோ ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ராத்திரிக்குள் மலையேறிவிடுகிறார்கள். பெண்ணுக்கு லீவு கிடைத்திருக்காது, அல்லது கொண்டை ஊசி வளைவில் அவளுக்கு வாந்தி வரும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். "நல்லாருக்கும்மா" என்று பதில் போடுவாள். கடையில் இத்தனை பேர் காத்திருக்கும்போது வேறென்ன சொல்வாள்? ஆரத்தின் கனமோ, கழுத்தில் அது எங்கே வந்து நிற்கும் என்பதோ போட்டோவில் தெரியாது.

இன்னொரு விஷயம் குளிர். கோவை வெயிலில் விரல் லேசாக உப்பியிருக்கும். அங்கே கச்சிதமாக இருந்த மோதிரம், தை மாத விடியலில் ஊட்டி மண்டபத்தில் விரல் சுருங்கியதும் தொளதொளவென்று ஆடும். சடங்கு நடுவே மோதிரம் நழுவிவிடுமோ என்று விரலை மடக்கியபடியே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் காலை நேரத்தில் சரியாக நிற்கிற பழைய மோதிரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அந்த அளவுக்கு எடுங்கள். கம்மலுக்கும் இதே கவனம் வேண்டும். விறைத்துப்போன விரலால் சின்னத் திருகாணியைத் திருகுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத்தான் தெரியும். கீழே விழுந்தால் ஜமுக்காளத்துக்குள் போய்விடும், தேடுவதற்குள் முகூர்த்த நேரம் நெருங்கிவிடும். எந்தக் கம்மல் வாங்கினாலும் மாற்றுத் திருகாணி ஒரு ஜோடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிமிக்கியில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தட்டில் வைத்துப் பார்க்கும்போது பெரிது அழகு. காதில் மாட்டி இரண்டு மணி நேரம் போனால் காது மடலின் துளை கீழே இழுபட்டுக் கோடு மாதிரி நீளும். மாட்டல் போட்டால் கனம் தலைமுடிக்கு மாறும், அவ்வளவுதான். கொக்கி மாட்டிய இடத்தில் முடி வேரோடு இழுக்கும். கோத்தகிரிப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் தாரை வார்க்கும்போது பெண்ணின் கண் கலங்கியது. பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று சுற்றி இருந்தவர்களும் அழுதார்கள். அறைக்கு வந்ததும் அவள் முதலில் சொன்னது, "அக்கா, இந்த மாட்டலைக் கழட்டுங்க, தாங்கல." காதுக்குப் பின்னால் தோல் சிவந்து கன்றியிருந்தது.

சரி, எதை எடுப்பது? முகூர்த்தத்தில் என்ன தெரியும் என்பதிலிருந்து யோசியுங்கள். கழுத்தில் ரோஜா மாலை விழுந்ததும் நெஞ்சு முழுக்க மறைந்துவிடும். நீள ஆரம், காசு மாலை, மாங்காய் மாலை எல்லாம் அதற்குள் போய்விடும், போதாததற்கு மாலை நார் அவற்றில் சிக்கும். கடைசிவரை கண்ணுக்குத் தெரிவது நெற்றிச்சுட்டி, காது, கழுத்தை ஒட்டிய அட்டிகை, கை. அதனால் கழுத்துக்கு நல்ல அட்டிகை ஒன்று, வரவேற்புக்கு ஆரம் ஒன்று, அது போதும் என்பேன். மூன்று ஆரம் போட்டால் மூன்று கொக்கியும் கயிறும் பிடரியில் ஒன்றாகச் சேரும். மாப்பிள்ளை தாலியைக் கட்டும்போதும், நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போடும்போதும் விரல் நுழைய இடம் இருக்காது. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், அது தாலிக்கு உரிய இடம். ரவிக்கை தைத்து வந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டு நகையை வைத்துப் பாருங்கள். கழுத்து இறக்கமாக வெட்டிய ரவிக்கைக்கு ஒட்டிய அட்டிகை எடுப்பாக இருக்கும், மேலேறிய கழுத்துக்கு அது முட்டும்.

வெள்ளை உடுத்தும் படுகர் வீட்டுப் பெண்களைப் பாருங்கள். வெள்ளைத் துணியின் மேல் ஒரே ஒரு சங்கிலி எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது! அகல ஜரிகைக் காஞ்சிபுரப் பட்டின் மேல் பத்து நகை போட்டால் ஒன்றும் தனியாகத் தெரியாது. கவரிங், கெம்பு செட் வாடகைக்கு எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஒட்டியாணம், வங்கி, ஜடைபில்லை இவற்றையெல்லாம் அப்புறம் எப்போது போடப்போகிறோம்? நம் ஊர் ஈரத்துக்குக் கவரிங் சீக்கிரம் கறுக்கும் என்பதால் பஞ்சு வைத்து மூடி, முந்தின நாள்தான் வெளியே எடுக்க வேண்டும்.

பணக் கணக்கும் பேசியாக வேண்டும். 10 பவுன் என்றால் 80 கிராம். நகாசு வேலை அதிகமுள்ள ஆரத்துக்கு 18 சதவீதம் சேதாரம் போட்டால் 14.4 கிராம், அதாவது 1.8 பவுனுக்கான விலை தனியாகப் போகும். அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. விற்கும்போது இந்தச் சேதாரம் திரும்பி வராது. கல் நகை என்றால் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்தின் எடையைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள். 22 காரட்டுக்கு 916 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இலக்கமுள்ள, ஒவ்வொரு நகைக்கும் தனியான ஹெச்யுஐடி குறியீடும் இருக்க வேண்டும். ஹால்மார்க் நகையை அந்தக் குறியீட்டோடுதான் விற்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுக் கடையிலேயே சரிபார்க்கலாம்.

பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கிறது என்று சிறு விவசாயி வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் கடன் வாங்கிப் பவுனைக் கூட்டுகிறார்கள். மறுவீடு முடிவதற்குள் அதே நகை அடகுக் கடைக்குப் போகிறது. சம்பந்தி வீட்டார் எத்தனை பவுன் என்று கேட்டால், கேட்பதே தவறு என்று சொல்லும் தைரியம் பெரியவர்களுக்கு வேண்டும். அவள் ஆசைப்பட்டு எடுத்த 3 பவுன், அடுத்தவர் கணக்குக்காக எடுத்த 30 பவுனைவிட அவள் உடம்பில் நிறைவாக இருக்கும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

இன்னொன்று எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். உறைபனி விழும் மாதத்தில், ஈரத் தலையோடு, குட்டைக் கை ரவிக்கையில் பெண் நடுங்கிக்கொண்டிருப்பாள். நான் சால்வையைப் போர்த்துவேன். யாராவது வந்து "எடு எடு, நகை தெரியலை" என்று உருவிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேடை ஏறும்வரை அவள் போர்த்திக்கொண்டே இருக்கட்டும். கையில்லாத உள் தெர்மல் போட்டு அதன் மேல் ரவிக்கை வருகிற மாதிரி அளவு கொடுத்தால் இன்னும் நல்லது.

வாங்கிய பிறகு பில்லைப் பெண் பெயரில் போடுங்கள். பிறந்த வீட்டில் போட்ட நகை அவளுடைய சொத்து. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், பெண்ணுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை அவளே எழுதி வைத்திருக்கச் சொல்கின்றன. நகையின் பெயர், எடை, கொடுத்தவர் பெயர் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். சந்தேகம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

தை, மாசியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், நகை எடுக்கப் போகும் முன் சேலையின் போட்டோவும் ரவிக்கைக் கழுத்தின் அளவும் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். அலங்காரத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் இல்லை.