டெக்சாஸ் மலிவு வேட்டை: 250 டாலருக்கு என்ன கிடைக்கும்?

டெக்சாஸில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் நிலம். அதனால் அங்கே வேட்டை என்றால் பெரும்பாலும் யாருடைய ராஞ்சுக்காவது (பெரிய பண்ணை நிலம்) காசு கட்டித்தான் போக வேண்டும். ‘கைடோடு ஒரு நாள் பன்றி வேட்டை, 250 டாலர்’ என்ற மாதிரி விளம்பரம் பார்த்துவிட்டு, போகலாமா என்று கேட்பவர்கள் அதிகம். கறிக்குப் போகிறீர்கள் என்றால் போகலாம். சுவரில் மாட்ட மான் கொம்புக்கு என்றால் மலிவு பேக்கேஜ் தண்டச்செலவு.

முதலில் கட்டண விதியைப் படியுங்கள். அநேக ராஞ்சுகளில் ரத்தம் சிந்தினாலே கணக்கு முடிந்தது: அடிபட்ட விலங்கு கிடைக்காமல் போனாலும் பணம் கட்ட வேண்டும். ‘கைடோடு’ என்பதற்கும் அர்த்தம் கேளுங்கள். மலிவு இடங்களில் கைடு பிக்கப்பில் கொண்டுபோய் மறைகூண்டில் (ஒளிந்து உட்கார்ந்து சுடும் சிறு கூண்டு) இறக்கிவிட்டு, இருட்டியதும் வந்து கூட்டிப்போவார். அவ்வளவுதான். ‘உத்தரவாதம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் எத்தனை ஏக்கர் என்று விசாரியுங்கள். எட்டடி வேலிக்குள் சின்ன இடம் என்றால் அது வேட்டையில் சேராது, பட்டிக்குள் சுடுவது.

கூண்டுக்கு எதிரே 80, 100 கெஜத்தில் தீனி போடும் ஃபீடர் நிற்கும். மூன்று கால் மேல் ஒரு பீப்பாய், அடியில் டைமர் வைத்த மோட்டார். விடியலிலும் அந்தியிலும் சில நொடி சுழன்று மக்காச்சோளத்தை விசிறும். அந்தச் சத்தத்துக்கே பன்றி வரப் பழகியிருக்கும். ஆனால் வாராவாரம் ஆள் உட்காரும் கூண்டு என்றால் பன்றி உஷாராகி, நடுராத்திரியில்தான் தலைகாட்டும். இலையுதிர்காலத்தில் ஓக் கொட்டை உதிர்ந்து கிடந்தால் சோளத்தைச் சீண்டாது. ‘இந்தக் கூண்டில் கடைசியாக எப்போது ஆள் உட்கார்ந்தார்கள்?’ என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

சுடுவதில்தான் காசு போகிறது. பன்றியின் இதயம் மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும். மானுக்குக் குறிவைப்பதுபோல் தோளுக்குப் பின்னே நடுவுடம்பில் வைத்தால் குண்டு குடலில் பாயும். கொழுப்பு துளையை அடைத்துக்கொள்ளும், ரத்தத் தடம் இருக்காது, பன்றி புதருக்குள் போய்விடும். பெரிய ஆண் பன்றிக்குத் தோளில் கேடயம்போல் தடித்த தோல் வேறு. பயணத்தில் துப்பாக்கி மேலுள்ள ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) அசைந்திருக்கலாம். ராஞ்சில் இறங்கியதும் 100 கெஜத்தில் காகிதத்தில் மூன்று குண்டு போட்டுப் பாருங்கள்.

கிழட்டு ஆண் பன்றியின் கறியில் வாடை அடிக்கும். 60 முதல் 100 பவுண்டு வரையுள்ள பெண் பன்றிதான் சமையலுக்கு வாகு. 100 பவுண்டு பன்றியில் எலும்பு நீக்கி 35, 40 பவுண்டு கறி தேறும். 250 டாலர், கைடுக்கு டிப்ஸ் 40, ஐஸ் 20 என்று வைத்தால் பவுண்டுக்குச் சுமார் 8 டாலர். வெட்டிக்கொடுக்கும் கடைக்கு 120 கொடுத்தால் அது 11 ஆகிவிடும். ரப்பர் கையுறை போட்டே குடலை எடுங்கள்; மனிதருக்கும் தொற்றும் புருசெல்லோசிஸ் நோய்க் கிருமி இருக்கலாம். உடனே ஐஸ் பெட்டியில் வைத்து வடிகால் மூடியைத் திறந்துவிடுங்கள், கறி தண்ணீரில் ஊறக்கூடாது. சமைக்கும்போது உள்வெப்பம் 160 டிகிரி ஃபாரன்ஹீட்.

நல்ல கறிக்குப் பெண் புள்ளிமான் இன்னும் மேல். சில நூறு டாலரில் முடியும். 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோன நம் இந்திய இனம்தான். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொட்டால் சிறை. டெக்சாஸில் அதற்குச் சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. நல்ல கொம்புள்ள ஆண் பெரும்பாலும் 2,000 டாலரைத் தாண்டும். பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால் இளசாகவோ கொம்பு ஒடிந்ததாகவோ இருக்கும்.

தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் பன்றிக்கு 2019 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் வேண்டாம். புள்ளிமானுக்கு வேண்டும்; வெளிமாநிலத்தவருக்கு ஐந்து நாள் லைசென்ஸ் 48 டாலர். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் மட்டும் பன்றிக்கே போனாலும் லைசென்ஸ் வாங்கிவிடுங்கள். அந்த விசாக்காரர் துப்பாக்கியைத் தொடுவதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ‘பன்றிக்கு லைசென்ஸ் தேவையில்லை’ என்று கைடு சொல்வது மாநில விதியை மட்டும் வைத்து.